டோர்டோன் பக்கம் குடும்பத்தோடு போகிறீர்களா? கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

இங்கிலாந்தில் இருக்கிற நம்மவர்களில் பாரிஸ் போகாதவர் குறைவு. ஈபிள் டவர், டிஸ்னிலேண்ட், லா ஷப்பேலில் ஒரு மசால் தோசை, திரும்பி வந்தாச்சு. ஆனால் பிரான்ஸின் கிராமத்துப் பக்கம் வீடு பிடித்துத் தங்கியவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். போன ஆகஸ்டில் நாங்கள் தென்மேற்கே டோர்டோன் ஆற்றுப் பக்கம், சார்லா ஊரை ஒட்டிப் போனபோது, கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு தெரிந்த முகம்கூட இல்லை. இணையத்தில் கிடைத்ததெல்லாம் ஆற்றோரக் கோட்டைப் படங்கள்தான். பணமும் நேரமும் விட்ட பிறகுதான் பல விஷயங்கள் புரிந்தன. இடம் அருமை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஊர் ஓடுகிற கடிகாரம் வேறு. சின்னப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் அதைத் தெரிந்துகொண்டு போனால் பாதித் தொல்லை குறையும்.

போனது நானும் கணவரும், 11 வயது மகள், 6 வயது மகன், அப்புறம் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த என் மாமியார். அத்தைக்கு 68 வயது, சுத்த சைவம். ஊரிலிருந்து வருகிற பெரியவர்களைக் கூட்டிப்போவதாக இருந்தால் முதல் வேலை விசா. இங்கிலாந்து விசிட் விசாவை வைத்துக்கொண்டு பிரான்ஸுக்குள் போக முடியாது. ஷெங்கன் விசா தனியாக வேண்டும், அதை இந்தியாவில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். இதை மட்டும் ஏஜெண்ட் ஒருவர் நல்ல வேளையாகச் சொல்லிவிட்டார். அடுத்தது சாப்பாட்டுச் சாமான். பிரெக்சிட்டுக்குப் பிறகு இங்கிலாந்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பாலிலோ இறைச்சியிலோ செய்த எதையும் கொண்டுபோகக் கூடாது. நெய், பனீர், உறைமோர் எல்லாம் இதில் அடங்கும். கறிவேப்பிலைகூடச் சான்றிதழ் இல்லாமல் ஆகாது. நாங்கள் அரிசி, ரசப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் என்று எடுத்துப் போனோம், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தயிர் இல்லாமல் எப்படி என்று அத்தை கவலைப்பட்டுக்கொண்டே வந்தார். சூப்பர் மார்க்கெட்டில் சர்க்கரை போடாத தயிர் சின்னச் சின்னக் கிண்ணத்தில் விற்கிறார்கள், அதில் ஒன்றை வெதுவெதுப்பான பாலில் கரைத்து, துண்டைச் சுற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டுத் தூங்கப் போனார். காலையில் கத்தியால் வெட்டலாம் போல உறைந்திருந்தது.

விமானம் பெர்ஜெராக்குக்கு. வாடகைக் கார் இல்லாமல் அந்தப் பக்கம் ஒன்றுமே நடக்காது, பஸ்ஸை நம்பிக் குடும்பத்தோடு போகாதீர்கள். கவுண்டரில் போய் நின்றால், ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும் என்றார்கள். எங்கள் வீட்டில் கிரெடிட் கார்டு என் பெயரில், கார் பதிவு அவர் பெயரில். டெபிட் கார்டு எடுக்க மாட்டார்களாம், அவர்களுடைய முழு இன்சூரன்ஸை வாங்கினால் மட்டும் எடுப்பார்களாம். 190 யூரோ! விமானம் ஏற்கெனவே தாமதம், மகன் பெட்டி மேல் தூங்கிவிட்டான், கொடுத்துவிட்டு வந்தோம். இன்றைக்கும் அதை நினைத்தால் எரிச்சல்தான். பதிவு செய்யும்போதே யார் ஓட்டுவது, யார் கார்டு, எவ்வளவு பிடித்து வைப்பார்கள் என்று மூன்றையும் பார்த்துவிடுங்கள். 10 வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கு அங்கே சட்டப்படி குழந்தை இருக்கை கட்டாயம். கவுண்டரில் வாடகை கேட்பார்கள், அந்தக் காசுக்கு இங்கே புதிதாகவே ஒரு பூஸ்டர் வாங்கிவிடலாம். பெரும்பாலான விமான நிறுவனங்கள் அதைச் சும்மாவே ஏற்றிக்கொள்கின்றன. ஆட்டோமேட்டிக் கார் வேண்டுமென்றால் மாதக்கணக்கில் முன்னாடியே சொல்லி வைக்க வேண்டும்.

வீடு போய்ச் சேர இருட்டிவிட்டது. சாவி கதவோரப் பெட்டியில் இருந்தது. உள்ளே போனால் மெத்தை இருக்கிறது, தலையணை இருக்கிறது, விரிப்பு இல்லை, துண்டு இல்லை. அந்த ஊர் விடுமுறை வீடுகளில் இது சர்வசாதாரணமாம். விரிப்பும் துண்டும் நாமே கொண்டுபோக வேண்டும், இல்லையென்றால் தனிக் காசு கட்டி முன்கூட்டியே சொல்ல வேண்டும். பதிவுப் பக்கத்தின் கடைசி வரியில் எங்கேயோ அது இருந்திருக்கிறது. அத்தையின் இரண்டு புடவைதான் அன்றைக்கு ராத்திரி எல்லாருக்கும் விரிப்பு. கடை எல்லாம் மூடியிருந்ததால் புளிக்காய்ச்சலைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டோம். சனிக்கிழமை மாலை வந்து சேருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: வழியிலேயே சாமான் வாங்கிவிட்டு வீட்டுக்குப் போங்கள். மறுநாள் ஞாயிறு, பெரிய கடைகள் மதியத்தோடு மூடிவிடும், திறக்காதவையும் உண்டு. காலையில் திறந்திருக்கும் ரொட்டிக் கடைதான் அன்றைக்குக் கதி.

கடிகாரம் என்று சொன்னேனே, அது இதுதான். பகல் 12 மணியிலிருந்து 2 மணி வரை ஊரே சாப்பிடும். சின்னக் கடைகள், சுற்றுலா அலுவலகம், சில அருங்காட்சியகங்கள்கூட மூடிவிடும். ஆனால் நாம் சாப்பிடப் போக வேண்டியதும் அதே நேரத்தில்தான், 2 மணிக்கு மேல் போனால் சமையலறை மூடியாச்சு என்பார்கள். இரண்டேகால் மணிக்குப் பசித்த பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நாற்காலிகள் காலியாகக் கிடக்கிற உணவகத்தில் நின்று இல்லை என்ற பதிலைக் கேட்கும்போது அழுகை வருகிறது, கோபமும் வருகிறது. அதற்குப் பிறகு ராத்திரி 7 மணிக்குத்தான். நான் பிறகு செய்தது, காலையில் ரொட்டியும் சீஸும் பழமும் ஒரு டப்பாவில் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு கிளம்பியதுதான். சாலையோரத்தில் மர நிழலும் பெஞ்சும் நிறைய இருக்கின்றன.

பெட்ரோல் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத பம்பில் கார்டைச் செருகினால், போடப்போகிற பெட்ரோலைப் பார்க்காமல் முதலில் ஒரு பெரிய தொகையைப் பிடித்து வைக்கிறது. நாங்கள் போட்டது 45 யூரோவுக்கு, பிடித்தது 150. மீதி திரும்பி வர சில நாட்கள் ஆயின. செலவுக்கென்று காசு ஏற்றிக்கொண்டு போன கார்டு அது. பணம் நெருக்கமாக இருக்கிறவர்கள் ஆள் இருக்கிற நேரத்தில் போடுங்கள்.

இனி ஊர் சுற்றல். அந்தப் பக்கம் குகைகளுக்குப் பேர்போனது. வெசேர் பள்ளத்தாக்கு முழுக்க ஆதிமனிதர் வாழ்ந்த இடங்கள். குகைக்கெல்லாம் நேரம் குறித்துத்தான் டிக்கெட். அப்படி ஒரு குகைக்கு (பெயர் வேண்டாம்) காலை பத்தரைக்கு ஐந்து பேருக்கும் எடுத்து வைத்திருந்தேன். வரைபடம் 50 நிமிடம் என்றது. ஒன்றேகால் மணி நேரம் முன்னாடி கிளம்பினோம். வால்நட் மரத் தோப்புகளுக்கு நடுவே ஒரு கார் மட்டும் போகிற மாதிரி ரோடு, வளைவுக்கு மேல் வளைவு. பாதி வழியில் மகன் முகம் வெளுத்தது, “அம்மா, வயிறு” என்றான், அவ்வளவுதான். காரைத் துடைத்து, அவனுக்குச் சட்டை மாற்றி மறுபடி கிளம்பினால் முன்னால் வைக்கோல் உருளை ஏற்றிய டிராக்டர். போய்ச் சேர்ந்தபோது எங்கள் குழு உள்ளே போய் 12 நிமிடம் ஆகியிருந்தது. அடுத்த குழுவில் சேர்க்க முடியுமா என்று கேட்டேன், அன்றைக்கு முழுக்க நிரம்பிவிட்டது, பணமும் திரும்பாது. 70 யூரோவுக்கு மேல் போனது. வெயிலில் நிறுத்தியிருந்த கார், உள்ளே வாந்தி வாடை, மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். வீடு திரும்பும் வரை நானும் அவரும் பேசிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு கணக்கை மாற்றினேன். வரைபடம் சொல்வதில் பாதியைக் கூடுதலாகச் சேர்த்து, அதற்கு மேல் அரை மணி நேரம். மகன் முன் சன்னலைப் பார்க்கிற மாதிரி நடு இருக்கைக்கு மாறினான். ஒரு நாளைக்கு ஒரு இடம்தான், அதுவும் காலையில். கிராமங்களுக்குள் ஓட்டும்போது இன்னொன்றும் கவனம் வேண்டும்: பலகையோ கோடோ இல்லாத சந்திப்பில் வலதுபக்கச் சந்திலிருந்து வருகிறவருக்குத்தான் முதல் உரிமை. சின்னச் சந்துதானே என்று நாம் நேரே போனால், அங்கிருந்து வருகிறவர் பிரேக்கில் கால் வைக்கவே மாட்டார்.

லாஸ்கோவுக்கு இந்தப் புதுக் கணக்கில் போனோம், நிம்மதியாகப் பார்த்தோம். ஆதிமனிதர் வரைந்த ஓவியங்கள் இருக்கிற குகை அது, 1940 செப்டம்பரில் நாலு பையன்கள் கண்டுபிடித்தது. 1948-இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள், பார்க்க வந்த கூட்டத்தின் மூச்சுக்காற்றிலேயே ஓவியம் கெட ஆரம்பித்ததால் 1963-இல் மூடினார்கள். இப்போது நாம் பார்ப்பது மொன்தின்யாக்கில் 2016 கடைசியில் திறந்த லாஸ்கோ 4, முழுக் குகையையும் அச்சு அசலாகச் செய்து வைத்திருக்கிறார்கள். நகல்தானே என்று அவர் முனகிக்கொண்டே வந்தார். உள்ளே இருட்டில் தலைக்கு மேலே ஐந்து மீட்டருக்கு மேல் நீளமான காளை ஒன்று. அதைப் பார்த்ததும் ஆள் வாயைத் திறக்கவில்லை. ஆங்கிலக் குழுக்கள் குறைவு, சீக்கிரம் தீர்ந்துவிடும், விமான டிக்கெட் எடுத்த கையோடு இதையும் எடுத்துவிடுங்கள். வெளியே 36 டிகிரி என்றாலும் உள்ளே குளிரும், ஸ்வெட்டர் வேண்டும்.

ஸ்வெட்டர் அதைவிட அதிகமாகத் தேவைப்படும் இடம் பதிராக். பூமியில் 75 மீட்டர் ஆழத்துக்கு ஒரு பெரிய துளை, அதற்குள் இறங்கி, அடியில் ஓடுகிற ஆற்றில் படகில் கூட்டிப்போகிறார்கள். எப்போதும் 13 டிகிரிதான். பிள்ளைகள் இன்றைக்கும் பேசுவது இந்த இடத்தைப் பற்றித்தான். இறங்க லிஃப்ட் இருக்கிறது என்று அத்தையையும் கூட்டிப்போனோம், ஆனால் படகை விட்டு இறங்கிய பிறகு உள்ளே ஏற வேண்டிய படிகள் ஏராளம், அத்தைக்கு முட்டி வீங்கிவிட்டது. முட்டி வலி இருக்கிறவர்களை மேலேயே காபியோடு உட்கார வையுங்கள். பக்கத்தில்தான் ரொகமதூர், பாறைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிற கோவில் ஊர். நிறையப் பேர் இரண்டையும் ஒரே நாளில் சேர்க்கிறார்கள். பிள்ளைகளோடு அதைச் செய்யாதீர்கள். ரொகமதூரில் 216 படி, அந்தக் காலத்தில் யாத்திரிகர்கள் முழங்காலிலேயே ஏறுவார்களாம். பக்கத்திலேயே லிஃப்டும் இருக்கிறது, கட்டணம் உண்டு, அத்தை அதில்தான் போனார். மேலே கறுப்பு மாதா சன்னதியில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு ரொம்ப நேரம் நின்றார்.

மகனுக்குப் பிடித்தது ரொகமதூருக்கு வெளியே இருக்கும் குரங்குக் காடு. கூண்டு கிடையாது, வாலில்லாத பார்பரி குரங்குகள் மரத்தடியில் சுற்றிக்கொண்டிருக்கும், நாம் நடுவே நடக்கலாம், நாங்கள் போனபோது கையில் பாப்கார்ன் கொடுத்தார்கள். குரங்கு பார்க்க இவ்வளவு தூரம் வரணுமா, குற்றாலத்தில் பை பிடுங்குமே, அதைவிடவா என்று அத்தை கேட்டார். இந்தக் குரங்குகள் பிடுங்கவில்லை, உள்ளங்கையிலிருந்து ஒவ்வொரு பொரியாக எடுத்துக்கொண்டன. அத்தைக்கு அதுதான் ஆச்சரியம்.

சாப்பாட்டில் சைவக்காரர்களுக்கு ஒரு பெரிய எச்சரிக்கை. அது வாத்து தேசம். சார்லாவில் புதனும் சனியும் சந்தை கூடும், அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு உணவகத்தில் உட்கார்ந்தோம். இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம் என்று சொல்லி அத்தைக்கு சாலட்டும் உருளைக்கிழங்கும் வாங்கினோம். வட்ட வட்டமாக நறுக்கி, ஓரம் பொன்னிறமாக முறுகி, பூண்டும் பார்ஸ்லியும் தூவி மணக்க மணக்க வந்தது. நம்ம ஊர் வறுவல் தோற்றது என்று ரசித்துச் சாப்பிட்டார். மகள்தான் பக்கத்து மேசையில் இருந்த ஆங்கில மெனுவைப் படித்துவிட்டு என் காதில் சொன்னாள். பொம் ஸார்லதேஸ், வாத்துக் கொழுப்பில் வறுப்பதுதான் அதன் பக்குவமே. பரிசாரகரைக் குறை சொல்ல முடியாது, இறைச்சியா என்று கேட்டோம், இல்லை என்றார். அத்தையிடம் சொல்வதா வேண்டாமா என்று நானும் அவரும் கண்ணாலேயே சண்டை போட்டோம், கடைசியில் சொல்லிவிட்டோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், தண்ணீர் குடித்தார், “தெரியாமத்தானே, விடு” என்றார். ஆனால் அதன்பின் வெளியே பழம், ரொட்டி தவிர ஒன்றும் தொடவில்லை. எனவே இறைச்சி உண்டா என்று மட்டும் கேட்காதீர்கள், எந்த எண்ணெய், எந்தக் கொழுப்பு என்று கேளுங்கள். சூப்பிலும் இதே கதை உண்டு.

இதற்கு மாறாக, கோடையில் கிராமங்களில் நடக்கிற இரவுச் சந்தை எங்களுக்கு ரொம்பப் பிடித்தது. சதுக்கத்தில் நீள மேசைகள் போட்டிருப்பார்கள், சுற்றிக் கடைகள், வேண்டியதை வாங்கிக்கொண்டு யாரோடும் உட்கார்ந்து சாப்பிடலாம், ஒரு பாட்டுக் குழுவும் இருக்கும். தட்டு, கத்தி, முள்கரண்டி, டம்ளர் எல்லாம் அவரவர் கொண்டுவருகிறார்கள். எங்களுக்குத் தெரியாது, எதிரே இருந்த குடும்பம் தட்டு கொடுத்தது. சீக்கிரம் போய் இடம் பிடித்துவிடுங்கள்.

ஆற்றுக்கு வருகிறேன். கனூ என்ற துடுப்புப் படகு எடுத்து லா ரோக் கஜாக், காஸ்தெல்னோ கோட்டை, பெய்னாக் கோட்டை என்று ஆற்றோட்டத்தோடே போவதுதான் அந்தப் பக்கத்தின் பெரிய கவர்ச்சி. முடிகிற இடத்திலிருந்து வண்டியில் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். நீச்சல் தெரிய வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை, மகனுக்குத் தெரியாது. அதனால் அவரும் மகளும் கனூவில், நானும் அத்தையும் மகனும் லா ரோக் கஜாக்கில் கபார் என்ற தட்டையான பெரிய படகில் ஒரு மணி நேரச் சுற்று. பெரியவர்களுக்கு இது அருமை, ஏறி உட்கார்ந்தால் போதும். இறங்கி வந்தால் அவரிடமிருந்து போன். ஆற்றின் நடுவே அவரும் மகளும் தண்ணீர் அடித்து விளையாடியதில் கனூ சாய்ந்து, கால்சட்டைப் பையில் இருந்த கார் சாவி முழுக்க நனைந்து செத்துவிட்டது. கனூவோடு மூடி போட்ட பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்று தருவார்கள், அதில் போன், பர்ஸ் எல்லாம் பத்திரமாக இருந்தன. மாற்றுச் சாவியோடு ஆள் வர மாலை ஆகிவிட்டது, பில் 280 யூரோ. கவுண்டரில் அத்தனை காசு கொடுத்து வாங்கிய முழு இன்சூரன்ஸில் சாவி சேர்த்தி இல்லையாம்! சாவியைக் கனூ அலுவலகத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்களா என்று முதலில் கேளுங்கள். பிள்ளைகளுக்கு நனைந்தாலும் கழலாத செருப்பு, தொப்பி, நிறைய தண்ணீர். ஆற்றுக்கு நடுவில் நிழலே கிடையாது.

காஸ்தெல்னோ கோட்டைக்குத் தனியாக ஒரு காலைப் பொழுது வையுங்கள். பழைய போர்க் கருவிகளின் அருங்காட்சியகம் அது, கல்லெறியும் பெரிய மர யந்திரங்கள் ஆற்றைப் பார்த்து நிற்கின்றன. எதிர்க்கரையில் தெரிவது பெய்னாக், இங்கிலாந்தும் பிரான்ஸும் மோதிய நூறாண்டுப் போரில் இரண்டும் எதிரெதிர் அணி. மகளுக்கு அதைவிட மிலாந்த் மாளிகை பிடித்தது. பாடகியும் நடனக் கலைஞருமான ஜோசஃபின் பேக்கர் வாழ்ந்த வீடு, பல நாடுகளிலிருந்து 12 பிள்ளைகளைத் தத்தெடுத்து அங்கே வளர்த்திருக்கிறார். கழுகு, பருந்துகளை வைத்து நடத்தும் காட்சியும் உண்டு.

மதியத்துக்கு மேல் வீட்டு நீச்சல் குளம்தான். அந்த நாட்டில் 2003-இல் வந்த சட்டப்படி தனியார் குளத்துக்கு ஏதாவது ஒரு பாதுகாப்பு கட்டாயம். ஆனால் அது வேலியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, அலாரம் மட்டும் வைத்திருந்தாலும் சட்டம் சரி. எங்கள் வீட்டில் அலாரம்தான், நான் சாப்பிடும்போதுகூட ஒரு கண்ணை வெளியே வைத்திருந்தேன். சின்னப் பிள்ளை இருந்தால் வேலி உண்டா என்று எழுதிக் கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். ஊர்ப் பொதுக் குளத்துக்குப் போவதாக இருந்தால் ஆண்கள் தொளதொள அரைக்கால்சட்டையோடு இறங்க விடமாட்டார்கள், ஒட்டிய நீச்சல் உடை வேண்டும். புல்லில் விளையாடிய ஒரு நாள் மகன் தொடையில் உண்ணி கடித்திருந்தது. பச்சைச் சிலுவை போட்ட மருந்துக் கடையில் அதை எடுக்கும் கொக்கி விற்கிறார்கள், ராத்திரியிலும் ஞாயிறிலும் எந்தக் கடை திறந்திருக்கிறது என்பதற்கு 3237 என்ற எண், அவசரத்துக்கு 112.

கிளம்பும் நாளில் வீட்டுக்காரர் ஒரு நோட்டோடு வந்தார். அடுப்பு, ஃபிரிட்ஜ், குப்பைத் தொட்டி எல்லாம் திறந்து பார்த்தார். குப்பையை நாமே ஊர் முனையில் இருக்கும் தொட்டியில் பிரித்துப் போட வேண்டும், அதைச் செய்திருந்தோம். வெள்ளைச் சமையல் மேடையில் மஞ்சள் கறை, உள்ளங்கை அளவு. எலுமிச்சை, சோடா எல்லாம் போட்டுத் தேய்த்தும் முழுசாகப் போகவில்லை. டெபாசிட்டில் 60 யூரோ பிடித்துக்கொண்டார். அந்த மேடையில் ஏற்கெனவே இருந்த கீறலுக்கும் காசு கேட்டபோது, வந்த அன்றைக்கே மகள் விளையாட்டாக எடுத்த வீடியோவில் அது தெரிந்ததால் தப்பித்தோம். நுழைந்ததும் எல்லா அறையையும் வீடியோ எடுத்துவிடுங்கள், மஞ்சள்பொடி போட்டுச் சமைப்பதற்கு முன்னால் மேடைமேல் பழைய பேப்பரை விரித்துவிடுங்கள். ஆகஸ்டுச் சனிக்கிழமை ரோடு முழுக்க வண்டிதான், பிஸோன் ஃபுதே என்ற அரசுத் தளத்தில் அன்றைக்கு எவ்வளவு நெரிசல் என்று பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என நிறம் போட்டுச் சொல்லியிருப்பார்கள். அடுத்த தடவை மே கடைசியில் வருகிற அரைப்பருவ விடுமுறையில் போகலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். வெயிலும் கூட்டமும் குறைவாக இருக்கும், வீட்டு வாடகையும் இறங்கும். அதற்குள் மகன் நீச்சல் கற்றுக்கொள்ள வேண்டும், கிரெடிட் கார்டும் அவர் பெயரில் ஒன்று வாங்கியாகிவிட்டது.